சொசேஜும் போஞ்சி விதை மசியலும்: மலையில் சமைக்கும்போது வரும் கோளாறுகள்

என் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தவர். துரை வீட்டு இரவுச் சாப்பாட்டில் சொசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் அடிக்கடி இருக்கும் என்று சொல்வார். அந்தச் சாப்பாடு பங்களாவிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி வர இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வந்த இடத்தில் கிழங்கு போய் போஞ்சி விதை சேர்ந்துகொண்டது. வெலிமடைக் கிழங்கு விலை ஏறிக் கிடந்த ஒரு மாதத்தில் மாற்றியது நான்தான். இப்போது கிழங்கு மலிந்தாலும் பிள்ளைகள் விதை மசியலைத்தான் கேட்கிறார்கள்.

நான் இருப்பது அட்டனுக்குப் பக்கத்தில். வேலை முடிந்து வீடு வந்து சேர ஆறு மணியாகும். ஏழரைக்குள் சாப்பாடு மேசைக்கு வராவிட்டால் சின்னவன் பாணைப் பிய்த்துத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். இந்தச் சமையலை அரை மணி நேரத்தில் முடிக்கலாம். முடியாமல் போன நாட்களில் எல்லாரும் சொசேஜைத்தான் திட்டினோம். பாவம், அதன் மேல் குற்றம் அதிகம் இல்லை. கெடுத்துக் கெடுத்துப் பார்த்ததில் தெரிந்தது, பெரும்பாலான கோளாறு முந்தின நாள் இரவு விதையை ஊறப்போடும் பாத்திரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சரியாக வந்தால் எப்படி வரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்கு 250 கிராம் காய்ந்த வெள்ளை விதை, எட்டு சொசேஜ், ஒரு லீக்ஸ், வெள்ளைப்பூண்டு நாலு பல், ஒரு மேசைக்கரண்டி பட்டர், பாதித் தேசிக்காய் போதும். விதையை இரவே ஊறவைத்து, காலையில் ரொட்டி சுடும்போது பக்கத்து அடுப்பில் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் வெந்த தண்ணீரோடு பிரிட்ஜில் வைத்துவிடுவேன். 250 கிராம் விதை வெந்தால் 600 கிராம் அளவுக்கு வரும். மாலையில் பட்டரில் பூண்டையும் லீக்ஸையும் வதக்கி, சூடாக்கிய விதையைப் போட்டு மசித்து, கடைசியில் தேசிக்காய் பிழிவேன். இன்னொரு அடுப்பில் சொசேஜ். தொட்டுக்கொள்ள வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, தக்காளி போட்டு ஒரு குழம்பு. அவ்வளவுதான்.

இனி, உங்கள் சட்டியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு மணி நேரம் கொதித்தும் விதை நசுங்கவில்லை

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். காரணம் ஒன்றாக இருக்காது. வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், நீங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள்? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அதனால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். 500 மீட்டர் உயரத்துக் கண்டியில் தண்ணீர் 98 பாகையிலும், 1,270 மீட்டர் உயரத்து அட்டனில் 96 பாகையிலும், 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கிறது. தண்ணீர் கொதிநிலைக்கு வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் வற்றும். கொழும்புச் சமையல் குறிப்பில் 'ஒரு மணி நேரம்' என்று போட்டிருந்தால் நுவரெலியாவில் அதை நம்பி உட்காரக் கூடாது. திறந்த சட்டியில் நுவரெலியாக்காரர் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து பிரஷர் குக்கர். அதற்குள்ளே அழுத்தம் கூடுவதால், மலையிலும் சூடு 115 பாகையைத் தாண்டிவிடும். ஊறிய விதைக்கு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் வைத்து, பிறகு அழுத்தம் தானாக இறங்கும்வரை விடுங்கள். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. விதை நுரைத்து ஏறி விசில் துவாரத்தை அடைக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

குக்கரிலும் வேகவில்லையா? அப்படியானால் ஊறியதைச் சோதியுங்கள். ஒரு விதையை நடுவில் நறுக்கிப் பாருங்கள். விளிம்பு ஒரு நிறமாகவும் நடு வேறு நிறமாகவும் இருந்தால் அது பாதிதான் ஊறியிருக்கிறது. தோல் சுருங்கிச் சுருங்கி இருந்தாலும் அதே கதைதான், தோல் தண்ணீரைக் குடித்துவிட்டது, பருப்பு இன்னும் குடிக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் விதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும் என்பதை நான் பல காலம் யோசிக்கவே இல்லை. கண்டியில் எட்டு மணி நேரத்தில் ஊறுவது, தை மாதத்து நுவரெலியாக் குளிரில் பன்னிரண்டு மணி நேரமாவது கேட்கும். மறந்துவிட்ட இரவுகளில் விதையை இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அது நீண்ட ஊறலுக்குப் பாதியாவது ஈடு கட்டும்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போடுங்கள், லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "உப்புப் போட்டா பயறு கல்லாப் போகும்டி" என்றார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மை நேர்மாறானது. விதையின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது கல்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் ஏறிக்கொண்டால் தோல் இளகும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு வேகவையுங்கள்.

புளிப்புதான் உண்மையான எதிரி. தக்காளி, புளி, கொறுக்காய், தேசிக்காய் எதையும் விதை நசுங்கும்வரை சட்டிக்குள் விடாதீர்கள். வெந்து கொண்டிருக்கும்போது புளிப்பு சேர்ந்தால் விதை அந்த நிலையிலேயே நின்றுவிடும். என் குழம்பு தனிச் சட்டியில் இருப்பது இதனால்தான்.

தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம், அங்கே விதை வேகாததற்கு அது ஒரு நல்ல காரணம். நம் மலையில் பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. இங்கே தண்ணீரின் தன்மையை விட அதன் சூடுதான் பிரச்சினை.

கடைசிக் காரணம் பழைய விதை. ஈரமும் வெக்கையும் மாறி மாறிப் பட்டு வருடக்கணக்கில் கிடந்த விதை, என்ன செய்தாலும் வேகாது. கடையில் அடிச்சாக்கிலிருந்து அள்ளித் தந்த விதையோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டி, இரவு எட்டரைக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். இப்போது புதுச் சாக்கு எப்போது வந்தது என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பிஞ்சாகப் பறிக்கத் தவறிய காய்களைக் கொடியிலேயே காயவிட்டு உரித்தால், அந்த வருடத்துப் புது விதை கையில். எந்த இனம் போட்டீர்களோ அதைப் பொறுத்து வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கும். கறுப்பு விதை மசியல் சாம்பல் நிறமாக வரும். ருசியில் குறையில்லை, தட்டில் அழகில்லை.

ஆப்பச் சோடா போட்டேன், சவர்க்கார வாடை அடிக்கிறது

அள்ளிப் போட்டிருப்பீர்கள். பழைய விதைக்கு ஊறும் தண்ணீரில் லீட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். வாடை வந்துவிட்டால் விதையை வடித்து, கொதிதண்ணீரில் ஒரு தடவை அலசி, பூண்டையும் மிளகையும் கூட்டிப் போடுங்கள். முழுதும் போகாது.

பருப்பு வெண்ணெய், தோல் காகிதம்

விதை நன்றாக மசிந்தும் தோல் மட்டும் நாக்கில் திட்டுத் திட்டாகப் படுகிறது என்றால், ஒன்று ஊறவைக்கும்போது உப்புப் போடவில்லை, அல்லது அவசரத்தில் குக்கரை வெடுக்கென்று திறந்திருக்கிறீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது விதைக்குள்ளிருந்து ஆவி பாய்ந்து தோலைக் கிழித்துத் தனியாக்கும். இன்றைக்குச் செய்யக்கூடியது, சூட்டோடு அரிதட்டில் போட்டு அகப்பையால் தேய்த்து இறக்குவது. பிள்ளைகளுக்காக நான் பாதியைத் தேய்த்து, பாதியை அப்படியே கலப்பேன். முழுவதையும் வழவழப்பாக்கினால் அது குழந்தைக்கு ஊட்டும் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் பல்லுக்கு மாட்ட வேண்டும்.

மசியல் ஓடுகிறது, அல்லது களிமண்ணாக இறுகுகிறது

இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகம். வெந்த தண்ணீரை அளவில்லாமல் விட்டால் ஓடும், முழுக்க வடித்துக் கொட்டினால் இறுகும். அந்தத் தண்ணீரைக் கொட்டவே கூடாது. விதையின் மாவு கரைந்து கொழகொழவென்று இருக்கும் அதுதான் மசியலைச் சேர்த்துப் பிடிப்பது. (ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், வெந்த தண்ணீரை வையுங்கள். நானே இரண்டு தடவை மாற்றிச் செய்திருக்கிறேன்.) விதையைத் தனியே எடுத்துச் சூட்டோடு மசித்துக்கொண்டே, அந்தத் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். நீங்கள் நினைத்த பதத்தை விடக் கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்துங்கள். மேசைக்குப் போவதற்குள் அது தானாக இறுகும், அதிலும் நம்மூர்க் குளிரில்.

ஏற்கெனவே ஓடிவிட்டதென்றால் அகன்ற தாச்சியில் ஊற்றி, மெல்லிய தீயில் மூடாமல் கிளறுங்கள். மசியல் பொக்கு பொக்கென்று வெடித்துக் கையில் தெறிக்கும், நீளமான அகப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை மா போட்டுக் கெட்டியாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை மா வாடை வரும், வேண்டாம். ஒரு அவித்த கிழங்கை மசித்துச் சேர்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் கிழங்கு சேர்த்த பிறகு மிக்சியில் போட்டுவிடாதீர்கள், பசை மாதிரி இழுக்கும்.

தேங்காய்ப்பால் சேர்ப்பவர்கள் முதற்பாலை அடுப்பை அணைக்கும் தறுவாயில் விடுங்கள். விட்ட பிறகு கொதித்தால் திரியும், தேசிக்காயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

டின் விதை எடுத்தால் மசியல் இனிக்கிறது

தக்காளிச் சோஸில் போட்ட பீன்ஸ் டின்னை எடுத்துவிட்டீர்கள். அதில் சீனி இருக்கும். மசியலுக்கு ஆகாது, பாணுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் போட்ட வெள்ளை விதை டின்தான் வேண்டும். 400 கிராம் டின்னில் வடித்தால் 240 கிராம்போல விதை கிடைக்கும், நாலு பேருக்கு இரண்டு டின் வேண்டும். விலையைப் பார்த்தால் காய்ந்த விதையை ஊறப்போடும் ஞாபகம் தானாக வரும்.

சொசேஜ் வெடிக்கிறது, அல்லது வெளியே கரி, உள்ளே ஐஸ்

தீ அதிகம். வேறொன்றும் இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் ஒரே நேரத்தில் ஆவியாகி வெளியே வர இடம் தேடுகிறது, தோலோ சூட்டில் சுருங்குகிறது. முள்ளுக்கரண்டியால் குத்துவது எனக்குப் பிடிக்காது. வெடிப்பது நிற்கலாம், ஆனால் சாறு அந்தத் துளைகளால் வடிந்துபோகும். கடையில் நாம் வாங்கும் கோழி சொசேஜில் கொழுப்பும் அதிகம் இல்லை. சாறு போனால் மிஞ்சுவது ரப்பர்தான்.

நான் செய்வது இதுதான். தாச்சியில் சொசேஜை அடுக்கி, கால் கோப்பைத் தண்ணீர் விட்டு மூடி, மெல்லிய தீயில் ஐந்தாறு நிமிடம். மலை இங்கே நமக்கு உதவுகிறது. விதையை வேகவிடாமல் பாடாய்ப் படுத்தும் அதே 96 பாகைத் தண்ணீர், சொசேஜை வெடிக்கவிடாமல் பதமாகச் சூடாக்குகிறது. பிறகு மூடியை எடுத்துத் தண்ணீர் வற்றியதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, உருட்டி உருட்டிச் சிவக்கவிடுங்கள். தாச்சியில் ஒட்டினால் இழுக்காதீர்கள். சிவந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும்.

விறகு அடுப்பென்றால் கவனம். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சி) சட்டென்று பற்றி ஆளுயரத்துக்கு எரிந்து சட்டென்று அடங்கும். அந்த ஆட்டத்துக்குச் சொசேஜ் தாங்காது. விதையை அந்த எரியும் தீயில் வேகவிட்டு, தணல் ஆனதும் தாச்சியை ஏற்றுங்கள். மாமியார் அடுப்பில் நான் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. அவர் சொசேஜ் சாப்பிட மாட்டார், ஆனால் தணலில் அவரைப் போல யாரும் சுட மாட்டார்கள்.

உள்ளே ஐஸாக இருப்பது பிரீசரிலிருந்து நேரே தாச்சிக்குப் போனதால். காலையில் வேலைக்குப் போகும்போதே பக்கெட்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறந்தால் பிரிக்காத பக்கெட்டைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். சில வகைகளில் சாப்பிடக் கூடாத மெல்லிய உறை இருக்கும். பக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து, இருந்தால் உரித்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் அதை மென்றுகொண்டே, "தோல் கொஞ்சம் முறுக்கா இருக்கே" என்று பாராட்டினார்.

சொசேஜ் தானே தாச்சியில் நிறையத் தண்ணீர் விட்டு உதிர்கிறது

கரைந்து மறுபடி உறைந்த சொசேஜ். 2022 மின்வெட்டுக் காலத்தில் இது சகஜமாக இருந்தது. பக்கெட்டின் மூலையில் பனித்தூள் கட்டியாகக் கிடந்தாலோ, சொசேஜ்கள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். வீட்டில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் பக்கெட் முழுக்க இளகி, குளிர்ச்சியும் விட்டிருந்தால் அதைத் திரும்ப உறையவிடாமல் வீசிவிடுவதே நல்லது.

உள்ளே ரோஸ் நிறம்

கோழி சொசேஜ் என்றால் பயப்பட வேண்டாம். பக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்தது. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பால் அந்த நிறம், எவ்வளவு பொரித்தாலும் போகாது. லிங்குஸ் வேறு. போர்த்துக்கேயர் வழி வந்த, வினாகிரியும் மசாலாவும் கலந்த பன்றி சொசேஜ் அது. பச்சையாகத்தான் விற்பார்கள். நடுப்பகுதி 71 பாகைக்கு வர வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒன்றை நடுவில் வெட்டி, சாறு தெளிவாக வருகிறதா, சதை முழுக்க இறுகிவிட்டதா என்று பாருங்கள். மேலே சொன்ன தண்ணீர் முறையில் லிங்குஸுக்குக் கூடுதலாக ஐந்தாறு நிமிடம் கொடுங்கள்.

எல்லாம் சேர்ந்து உப்புக் கரிக்கிறது

சொசேஜில் உப்பு நிறைய இருக்கிறது. அதனால் மசியலை உப்புக் குறைவாகவே விட்டு, சொசேஜோடு ஒரு வாய் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கரித்துவிட்டால் உப்பில்லாத விதையோ கிழங்கோ சேர்த்து அளவைக் கூட்டுங்கள். பச்சைக் கிழங்கைப் போட்டால் அது உப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது வெறும் பேச்சு. அது உப்புத் தண்ணீரைக் குடிக்கும், மிச்சத் தண்ணீர் அதே கரிப்போடுதான் இருக்கும்.

சாப்பிட்ட பிறகு வயிறு

உப்புசம் மட்டுமென்றால், ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தீர்களா என்று யோசியுங்கள். விதையிலுள்ள சில சர்க்கரைகள் நம் குடலில் செரிக்காமல் கீழே போய் அங்கே காற்றாக மாறுகின்றன. தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு அதோடு போகும். விதை பழக்கமில்லாத வீட்டில் முதல் நாள் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள்.

ஆனால் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும் வந்தால் அது வேறு விஷயம். நம் போஞ்சியும் சிவப்புக் கிட்னி பீன்ஸும் ஒரே செடி இனம். காய்ந்த விதையில் லெக்டின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. சிவப்பில் மிக அதிகம், வெள்ளையில் குறைவு. சரியாக வேகாத சிவப்பு விதை நாலைந்து தின்றாலே வாந்தி வரும். முழுக் கொதியில் அது அழியும். 80 பாகைக்குக் கீழே மணிக்கணக்காக வைத்தால் அழியாது, விதை மட்டும் மெதுமெதுவென்று ஆகி நம்மை ஏமாற்றும். அதனால் மின்சார மெதுசமையல் பாத்திரத்தில் பச்சை விதையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கடல் மட்டத்துக் கணக்கில் பத்து நிமிடக் கொதி போதும் என்பார்கள். 94 பாகையில் கொதிக்கும் ஊரில் நான் அரை மணி நேரத்துக்குக் குறைக்க மாட்டேன், அல்லது குக்கர். குழந்தைகளோ வயதானவர்களோ வாந்தி நிற்காமல் சோர்ந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மேசைக்கு வருவதற்குள் ஆறிவிட்டது

தட்டுகளைக் கொதிதண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். மார்கழியில் இதைச் செய்யாமல் முடியாது.

"சோறு எங்கே?"

இந்தக் கோளாறு சட்டியில் இல்லை, என் வீட்டுக்காரரிடம். சொசேஜை வட்டமாக வெட்டி, வெங்காயம், கறி மிளகாய், மிளகாய்த்தூளோடு பிரட்டி மசியலுக்கு மேலே போட்டால் கேள்வி பாதியாகக் குறைகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சொசேஜுக்குப் பதில் சோயா மீட். கொதிதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதே மாதிரி பிரட்டினால் மசியலோடு ஒத்துப்போகும். பிழியாமல் போட்டால் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் ஊறவைத்துவிடும்.

மறுநாள் கட்லட் உடைகிறது

மிஞ்சிய மசியலைச் சூடாகப் பிடித்திருப்பீர்கள். இரவே பிரிட்ஜில் மூடி வைத்து, காலையில் குளிரோடு எடுத்து, மிஞ்சிய சொசேஜைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து உருட்டுங்கள். முட்டையில் தோய்த்து, காய்ந்த பாண் தூளில் பிரட்டி, மறுபடி பத்து நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு, ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் போடாமல் பொரித்தால் உடையாது. பள்ளிக்கூடப் பெட்டிக்கு ஆளுக்கு இரண்டு.